ஏரிக்கரைக்கு வந்த கணக்குக் குழு

மிகைச் செலவுக் கோரிக்கைகளை இப்போதெல்லாம் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டி, ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுகிறார்கள் என்று பேரவைச் செயலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் சொன்னார். “உங்க காலத்துலயும் இப்படித்தானா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்போ எப்படின்னு எழுதிக் குடுங்க. எங்க செக்‌ஷன்ல புதுசா வந்தவங்க படிக்கட்டும்” என்றார். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கவும் தடையில்லை.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஒவ்வொரு துறைக்கும் இன்ன பணிக்கு இவ்வளவு என்று சட்டப் பேரவை வாக்களித்துப் பணம் ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவிடப்படுவது மிகைச் செலவு. தாண்டியது சிறிதா பெரிதா என்பது பொருட்டன்று. மக்களின் பேராளர்கள் இசைவு தராத பணம் கருவூலத்தைவிட்டு வெளியேறிவிட்டது என்பதே பொருள். அதைப் பொதுக் கணக்குக் குழு ஆராய வேண்டும். ஏற்கத்தக்கது என்று குழு பரிந்துரைத்தால், பேரவை மீண்டும் வாக்களித்து அதை முறைப்படுத்தும். ஏற்கத்தகாதது என்றால், பொறுப்பாளர் யார் என்ற கேள்வி எழும். என் அரசியல் வாழ்வின் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே கழிந்தது.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தவன். ஊராட்சி ஒன்றியத்தில் சில காலம் இருந்துவிட்டு, அறுபதுகளின் பிற்பகுதியில் எதிர்க்கட்சி உறுப்பினனாகப் பேரவைக்குள் நுழைந்தேன். வரவு செலவுத் திட்ட நூல்களைப் படிக்கும் முறையை நிதித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்புச் செயலரிடம் கற்றேன். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே: பெரிய எண்களைப் பார்க்காதே, சென்ற ஆண்டைவிட மாறிய எண்களைப் பார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பத்தாண்டு ஓட்டினேன் என்றால் மிகையாகாது.

என் முதல் உரையின்போது அவை பாதி காலியாயிற்று. வருவாய்க் கணக்கும் மூலதனக் கணக்கும் ஏன் வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அமைச்சர் ஒருவர் எழுந்து, “உறுப்பினர் கல்லூரி மணி அடித்தது தெரியாமல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்” என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டு முதல் என் உரைகள் சுருங்கின; அதனால் சற்றுக் கூர்மையும் பெற்றன என்று நண்பர்கள் சொன்னார்கள்.

அவையைவிடக் கடுமையான தேர்வு தாம்பரம் மின்தொடர்வண்டியில் இருந்தது. கோட்டை நிலையத்திலிருந்து மாலையில் திரும்புகையில், பல்லாவரம் தோல் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர் என் எதிரில் வந்து உட்காருவார். வரவு செலவுத் திட்டம் வைத்த நாளில் அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

“இன்னா சார், சினிமா டிக்கெட்டு மேல கை வெச்சிட்டீங்களா?”

“நாங்கள் இல்லை. ஆளுங்கட்சி. உயர் வகுப்புக்கு மட்டும் சிறிது கூட்டியிருக்கிறார்கள்.”

“தர டிக்கெட்டு?”

“அதைத் தொடவில்லை.”

“அது போதும் சார். அப்பால எதுக்கு இத்தினி நாளு பேசிக்கினு கீறீங்க? முடிச்சுட்டு வூட்டுக்குப் போலாமில்ல?”

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பொதுக் கணக்குக் குழுவில் உறுப்பினனாக்கினார்கள். அங்கேதான் எங்கள் தலைவரைக் கண்டேன். அவரும் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர், தென்மாவட்டத்து வழக்குரைஞர். அவர் பெயரைச் சொல்லாமல் தலைவர் என்றே குறிப்பிடுகிறேன். நாங்களும் அப்படித்தான் அழைத்தோம். மெலிந்த உருவம், வெள்ளைக் கதர்ச் சட்டை, எப்போதும் சற்றே தாழ்ந்த குரல். குழு அறைக்குள் அவர் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை சன்னல்களைத் திறக்கச் சொல்வது. கடற்காற்றில் தாள்கள் பறக்கும். ஒவ்வொருவர் முன்னும் தாள்மேல் வைக்க ஒரு கண்ணாடிக் கனக்கல் இருக்கும். அதை எடுத்து வைப்பதிலேயே சாட்சி சொல்ல வந்த அதிகாரியின் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

அவர் நடைமுறை மாறாதது. தணிக்கை அறிக்கையின் பத்தியை முதலிலிருந்து கடைசி வரை தாமே உரக்கப் படிப்பார். பிறகு சிறிது நேரம் ஒருவரும் பேசக் கூடாது. அந்த அமைதியில் அதிகாரி தம் விடையை மனத்துக்குள் திருத்திக்கொள்வார். நாங்கள் எங்கள் கேள்விகளைத் திருத்திக்கொள்வோம். முதல் கேள்வி எப்போதும் எளிமையாக இருக்கும்: இந்தப் பணி எந்த ஊரில் நடந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்பது போல. ‘கையாடல்’ என்ற சொல்லை எந்த உறுப்பினரும் எடுக்க விடமாட்டார். “இழப்பு என்று சொல்லுங்கள். மற்றதை ஆவணம் சொல்லும்” என்பார்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் அவருக்கு உண்டு. ஓர் உறுப்பினரின் தொகுதி தொடர்பான பத்தி விசாரணைக்கு வந்தால் அவர் அறையில் இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. அறைக்கு வெளியே அது பற்றி எவரிடமும் பேசவும் கூடாது. இது விதிநூலில் இல்லாத, அவரே வகுத்த ஒழுங்கு. மற்றொன்று, விசாரணை முடியும் தறுவாயில் சாட்சியைப் பார்த்து, “நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?” என்று கேட்பார். துறைச் செயலர்கள் பெரும்பாலும் “இல்லை, ஐயா” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலிருந்து அடுத்த அமர்வுக்குரிய பாதி வேலை எங்களுக்குக் கிடைக்கும்.

அப்படி ஒரு நாள் என் தொகுதியின் பத்தி வந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூரை ஒட்டிய ஏரிகளுள் ஒன்று. எது என்று குறிப்பிடவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய புயல் மழையில் அதன் கரையைப் பலப்படுத்த, பொதுப்பணித் துறையின் செயற்பொறியாளர் தேவசகாயம் பெருந்தொகை செலவிட்டிருந்தார். பழுதுபார்ப்புக்கான ஒதுக்கீடு அப்போதே தீர்ந்துபோயிருந்தது. மேலதிகாரியின் இசைவு பெறவில்லை. தொலைபேசிக் கம்பிகள் அறுந்திருந்தன என்பது அவர் விளக்கம். ஒப்பந்தப் புள்ளி கோராமல், பல்லாவரம் கல்லுடைக்கும் களங்களிலிருந்து சுமையுந்துகளில் கல் வரவழைத்திருந்தார். பட்டியல்கள் தாமதமாக வந்தமையால், ஆண்டின் இடையே கூடுதல் பணம் கேட்கும் துணை மதிப்பீட்டிலும் அதைச் சேர்க்க இயலவில்லை. ஆகவே மிகைச் செலவு.

இவை எல்லாம் மன்னிக்கத்தக்கவையே. உயிருக்கும் உடைமைக்கும் உடனடித் தீங்கு நேரும் நிலையில், பொறியாளர் தம் பொறுப்பில் பணியைத் தொடங்கலாம் என்று துறை விதியே இடம் தருகிறது. ஆனால் தணிக்கையாளர் கேட்டது வேறு. தீங்கு நேரும் நிலை உண்மையில் இருந்ததா? அந்த நாள்களில் ஏரியின் நீர்மட்டத்தை எவரும் குறித்துவைக்கவில்லை. குறிக்க வேண்டிய காவலர் வெள்ளத்துக்கு அஞ்சி ஊரைவிட்டே போயிருந்தார். எனவே, ‘தேவை மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று பத்தி முடிந்தது.

அந்த இரண்டு சொற்களில் ஒரு மனிதரின் முதுமை தொங்கிக்கொண்டிருந்தது. தேவை மெய்ப்பிக்கப்படாவிட்டால் மொத்தத் தொகையும் இசைவற்ற செலவாகும். அதை அவருடைய பணிக்கொடையிலும் ஓய்வூதியத்திலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தார். கூடுவாஞ்சேரியில் ஒரு மனை வாங்கி, அடித்தளம் போட்டதோடு நிறுத்தியிருந்தார். அந்த மனையில் எருக்கஞ்செடி முளைத்திருந்ததைத் தொடர்வண்டியிலிருந்து பார்க்க முடியும்.

விசாரணை நாளில் துறைச் செயலர் முன்வரிசையில் அமர்ந்து விடை சொன்னார். தேவசகாயம் பின்வரிசையில் இருந்தார். தலைவர் கேட்டால் ஒழிய அவர் பேச முடியாது. செயலர் நேர்மையானவர், ஆனால் புயலின்போது அவர் வேறு துறையில் இருந்தவர். “கோப்பில் உள்ளதைத் தவிர என்னிடம் சொல்ல வேறில்லை” என்றார். கோப்பில் ஒன்றும் இல்லை. முடிவில் தலைவர் வழக்கம்போல், “நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?” என்றார்.

“இல்லை, ஐயா” என்றார் செயலர்.

பின்வரிசையில் தேவசகாயம் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார். தம் செயலரின் விடைக்கு மேல் விடை சொல்வது பணி ஒழுங்குக்கு மாறானது என்று அவர் கருதியிருக்க வேண்டும். தலைவர் அதைக் கவனித்துவிட்டார்.

“அடுத்த வாரம் குழு அந்த ஏரியை நேரில் பார்க்கும்” என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. அந்தப் பகுதி மக்களை நான் அறிவேன். ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலிலிருந்து இறங்கும் உபரிநீர் ஓடையின் இரு மருங்கிலும், புறம்போக்கு நிலத்தில், கூலி வேலை செய்பவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். கரை உடைந்திருந்தால் முதலில் போயிருக்கக்கூடியவை அந்த வீடுகளே. அதன்பின் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும். புயல் நாள்களில் நான் கோட்டைப் பக்கம் உறுப்பினர் விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தமையால் எதையும் நேரில் காணவில்லை. ஆனால் அந்தப் பொறியாளரைப் பற்றி அவர்கள் தெய்வம் போல் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாயால் உண்மை வந்துவிடும் என்று நம்பினேன். குழு வருவதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. தலைவரின் ஒழுங்கு அது.

நாங்கள் போன நாள் வைகாசி வெயில். ஏரியில் ஒரு சொட்டு நீர் இல்லை. வெடித்த தரையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. செயலர் சுற்றும் முற்றும் பார்த்து, “இந்த ஏரியா உடையப் பார்த்தது?” என்று மெல்லச் சொன்னார். கேலியில்லை, நம்ப முடியாமல் கேட்டார். தேவசகாயம் கரையோரம் தனியாக, குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார்.

எங்கள் ஊர்திகளைக் கண்டதும் ஓடைப் பக்கத்திலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து கூடினார்கள். தலைவர் கரைமேல் ஒரு பனங்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் நின்ற பெரியவர் ஒருவரிடம் தம் எளிய கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, இங்கே எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள்?”

“கொஞ்ச நாளாதான் சார்.”

“இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரிய மழை பெய்ததே, அப்போது இருந்தீர்களா?”

“மழையா? தூறிச்சு சார். எல்லா எடத்துலயும் தூறலுதான் சார்.”

“ஏரி நிரம்பியதா?”

“இந்த ஏரியா? இது ரொம்பி நான் பாத்ததே இல்ல சார். நீங்களே பாருங்க, ஆடு மேயுது.”

 அடுத்து ஒருவர், ஓடையில் தண்ணீரே வராது என்றார். மூன்றாமவர் அது ஓடையே இல்லை, நடக்கும் வழி என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், “வெள்ளம்னா இன்னான்னே எங்களுக்குத் தெரியாது சார்” என்று முடித்துவைத்தார். உடன் வந்திருந்த தணிக்கை அலுவலர் தலை குனிந்து எழுதிக்கொண்டே போனார். ஒவ்வொரு வரியும் தேவசகாயத்தின் ஓய்வூதியத்திலிருந்து கழிகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.  அவரோ குடையின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் கட்சிக்காக அந்தப் பகுதியில் ஓடியாடி வேலை செய்யும் ஏழுமலை கூட்டத்தின் ஓரத்தில் நின்று, ஒவ்வொரு விடைக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தான். பொதுப்பணித் துறை ஊழியர் எவரோ அவனிடம் பெரிய அதிகாரிகள் வரப்போவதைச் சொல்லியிருக்கிறார். ஓடையை மறித்து வீடு கட்டியிருப்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். வெள்ளம் வந்தது என்று ஒப்புக்கொண்டால் வீடுகளை இடித்துவிடுவார்கள். வராத வெள்ளத்துக்கு எந்த வீடும் தடையாக இருக்க முடியாது. அவன் கணக்கில் பிழையில்லை. அவன் என் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும் செய்தான்.

நான் ஒரு சொல் சொன்னால் போதும். ‘வீட்டை இடிக்க யாரும் வரவில்லை, நடந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் எல்லாம் மாறிவிடும். ஆனால் தொகுதி உறுப்பினன் தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வாங்கிய சாட்சி என்றாகிவிடும். அதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். பேசினாலும் தேவசகாயத்துக்குக் கேடு, பேசாவிட்டாலும் கேடு. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு நீண்ட நேரம் வாயை மூடிக்கொண்டு என் வாழ்நாளில் நான் நின்றதில்லை. என் மாணவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

தலைவர் எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்முன் கூட்டத்தைப் பார்த்து, குழு அறையில் கேட்பது போலவே கேட்டார்.

“நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?”

முன்னால் நின்றவர்கள் ஏழுமலையைப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“ஒண்ணு கீது சார். என் கதவு.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் கன்னியம்மா. கல்லுடைக்கும் களத்தில் வேலை பார்ப்பவர், நடுத்தர வயதினர். அவரை எனக்குத் தேர்தல் காலத்திலிருந்து தெரியும். என்னிடம் அன்பாக ஒரு சொல் பேசியவரில்லை.

“என்ன கதவு, அம்மா?”

“என் வூட்டுக் கதவு சார். வேப்பமரக் கதவு, நீல பெயிண்டு அடிச்சது. தோ நிக்கிறாரே இஞ்சினீரு, குடைய வெச்சுக்கினு, அவருதான் பேத்துக்கினு போனாரு. ரெண்டு மழக்காலம் ஆயிப்போச்சு. வாசல்ல கோணிதான் தொங்குது. நாயி உள்ள பூந்து சோத்தத் துன்னுட்டுப் போவுது.”

“ஏ கன்னிம்மா, கம்முனு இரு” என்றார் ஒருவர்.

“நான் ஏன் கம்முனு இருக்கணும்? உன் கதவா போச்சு?”

தலைவர் மீண்டும் பனங்கட்டையில் உட்கார்ந்தார். “உங்கள் கதவை அவர் ஏன் எடுத்துக்கொண்டு போனார்?”

“ஏன் எடுத்தாரா? கர பொளந்துகினு வந்தா, பாத்துக்கினு நிப்பாரா? மண்ணு மூட்டயப் போட்டா மூட்டயே அடிச்சுகினு போவுது. கதவ குறுக்கால நிறுத்தி, அதுமேல மூட்டய அடுக்கி, அப்பால கல்லக் கொட்டினாங்க. அப்பதான் நின்னுச்சு. இடுப்பு மட்டும் தண்ணில அந்த மனுசன் நின்னுக்கினு, ‘கதவு எடுத்தா, கதவு எடுத்தா’ன்னு கத்தினாரு. நாங்களும் குடுத்தோம். குடுத்தது தப்பில்ல சார். திருப்பிக் குடுக்கணுமில்ல?”

“இங்கே தண்ணீரே வராது என்று சற்று முன்னால் சொன்னார்களே?”

கன்னியம்மா பக்கத்தில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். “அப்டிதான் சொல்லச் சொன்னாங்க. வெள்ளம் கிள்ளம்னு வாயத் தொறந்தா வூட்ட இடிச்சுடுவாங்கன்னு ஏழுமல சொன்னான். சார், எனக்கு வூட்டுக்குக் கதவே இல்ல. அத்த இடிச்சா இன்னா, இடிக்காட்டி இன்னா?”

எவரோ சிரித்தார்கள். ஏழுமலை என் முதுகுப் பக்கம் நகர்ந்து வந்து, “சார், உங்களுக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன்” என்று கிசுகிசுத்தான். திரும்பிப் பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. 

“அம்மா, வீட்டை இடிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை” என்றார் தலைவர். “நாங்கள் கணக்குப் பார்க்க வந்தவர்கள். இந்த அதிகாரி தேவையில்லாமல் அரசுப் பணத்தைச் செலவழித்தாரா என்று பார்க்க வந்திருக்கிறோம்.”

 முதலில் பேசிய பெரியவர்தான் வாயைத் திறந்தார். “இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? பேஜார் பண்ணிட்டீங்களே.”

அதன்பின் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒவ்வொருவராகக் கேட்டார். ஆயினும் அவர் வழக்குரைஞர். மாறிப் பேசிய வாய்களை மட்டும் நம்பி எழுதக்கூடியவரல்லர். கன்னியம்மாவிடம் திரும்பி, “அந்தக் கதவு இப்போது எங்கே இருக்கிறது?” என்றார்.

“எங்க இருக்கும்? போட்ட எடத்துல கீது.”

கலங்கலுக்கு வடக்கே, கரையின் உட்சரிவில் எங்களை அழைத்துச் சென்றார். கல் அடுக்கின் இடுக்கில் மண் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தில், ஒரு மரச்சட்டத்தின் மூலை வெளியே தெரிந்தது. அதில் நீல நிறம் மங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு கதவின் தாழ்ப்பாள். அதற்கப்பால் ஒரு கட்டிலின் கால். அந்தப் பிளவின் அகலம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை அவை கிடந்த வரிசையே காட்டியது. தலைவர் குனிந்து நீலச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். தணிக்கை அலுவலர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். செயலர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொறியாளர் ஐயா” என்று தலைவர் முதன்முறையாகத் தேவசகாயத்தை அழைத்தார். “கதவுகளை ஏன் கணக்கில் காட்டவில்லை? காட்டியிருந்தால் இந்தப் பத்தியே எழுந்திராது.”

“ரசீது இல்லாம ஏத்த முடியலைங்கய்யா. இவங்க யாரும் ரேகை வைக்க மாட்டேன்னுட்டாங்க.”

“ரேக வெச்சா வூடு போயிடும்னு சொன்னாங்க” என்றார் கன்னியம்மா. “இப்ப வெக்கிறேன். எங்க வெக்கணும்?”

திரும்பும் வழியில் நான் தலைவரின் ஊர்தியில் இருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, “ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றீர்கள். கடினமாக இருந்திருக்கும்” என்றார்.

“இருந்தது.”

“எனக்கும்தான்” என்றார். “அந்தப் பெரியவர் தூறல் என்று சொன்னபோது நானே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.”

குழுவின் அறிக்கையில் அந்தப் பத்தியை அவரே எழுதினார். களத்தில் கண்ட பொருள்களின் விவரம், அவை கிடந்த நிலை, தணிக்கை அலுவலர் எடுத்த அளவுகள், அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு. பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. தேவை மெய்ப்பிக்கப்பட்டது என்றும், மிகைச் செலவை முறைப்படுத்தலாம் என்றும் இருந்தது. அதன் கீழ் ஒரு வரி: பணிக்காக எடுக்கப்பட்ட தனியார் பொருள்களுக்கு ஈடு வழங்குவது குறித்துத் துறை விரைந்து முடிவெடுக்க வேண்டும். துறைச் செயலர் அதற்குக் காத்திருக்கவில்லை. அறிக்கை அச்சாகும்முன்பே ஓடைக்கரை வீடுகளுக்குக் கதவுகள் போய்விட்டன. தனக்கு வந்தது பலா, தான் கொடுத்தது வேம்பு என்று கன்னியம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பலா உயர்ந்தது என்று சொன்னேன். “உன் வூட்டுக்கு வெச்சுக்கோ சார்” என்றார்.

ஆனால் குழு பரிந்துரைப்பதோடு முடிவதில்லை. பேரவை வாக்களிக்க வேண்டும். புரட்டாசி பிறந்தும் மிகைச் செலவுக் கோரிக்கை அவைக்கு வரவில்லை. ஐப்பசிக் கடைசியில் தேவசகாயம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் வாக்கெடுப்பு முடியாவிட்டால் ஓய்வூதியத் தாள்கள் கிடப்பில் போகும். கிடப்பில் போனவை எப்போது எழும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஒவ்வொரு நாளும் அலுவல் பட்டியலைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் தொடர்வண்டி ஏறினேன்.

மழைக்கால அமர்வின் இறுதி வாரத்தில் ஒரு பிற்பகல் அது வந்தது. அவை உண்ட மயக்கத்தில் இருந்தது. அவைத் தலைவர் கோரிக்கையைப் படித்து, “ஆதரிப்போர் ஆம் என்க” என்றார். நான் நுழைந்த நாள் முதல் எந்த மிகைச் செலவுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிவந்தவன். எங்கள் கட்சியின் நிலையும் அதுவே. அன்று மட்டும் கொறடாவிடம் முன்கூட்டியே விலக்குப் பெற்றிருந்தேன். “ஆம்” என்றேன். வேண்டியதைவிடச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலும். ஆளுங்கட்சி வரிசையில் இருவர் விழித்துக்கொண்டார்கள். கோரிக்கை நிறைவேறியது. அது நிறைவேற எடுத்துக்கொண்ட நேரத்தில் என் பக்கத்து உறுப்பினர் தம் பொடி மட்டையைத் திறந்து மூடியிருந்தார். அவ்வளவே. நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் கடலைப் பார்த்து நின்றேன்.  பசித்தது. சிற்றுண்டிச் சாலையில் இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றேன்.

ஐப்பசி முடிவில் ஒரு மாலை, கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டு வாயிற்கதவுக்கு வெளியே தேவசகாயம் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றுதான் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார். பூமாலை போட்ட தடம் சட்டைக் காலரில் ஈரமாக இருந்தது. உள்ளே வருமாறு அழைத்தேன்.

“வேண்டாம் சார். உங்க குழுவுல என் கேஸ் இருந்திருக்கு. நான் உள்ள வந்து காபி குடிச்சா நல்லா இருக்காது.”

“அதெல்லாம் முடிந்துவிட்டதே.”

“முடிஞ்சிடுச்சு சார். பென்ஷன் ஆர்டர் மத்தியானமே கையில குடுத்துட்டாங்க. வீட்ல காட்டிட்டு வர்றேன். அவ மூணு தடவ படிச்சா.”

 வேளச்சேரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை ஒரு பொறியாளருடையது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் பிடிக்கும் என்று அளந்தது.

“நல்ல மழை வரும் சார்” என்றார். “ராத்திரி பூரா பெய்யும். இத்தன வருஷம் இந்த மாதிரி வானத்தப் பாத்தா ஏரிக்கரைக்குக் கெளம்பிடுவேன். இனிமே அது என் வேல இல்ல. அத யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு.”

மிதிவண்டியில் ஏறினார். முதல் துளிகள் விழுந்தன. அவர் விரைந்து மிதிக்கவில்லை.